மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது? கேள்வி-பதில்

கேள்வி: என் தந்தைக்கு நாட்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். தினமும் இமாடினிப் மாத்திரை மட்டும்தான் தருகிறார்கள். அது எப்படிப் போதும்?

பதில்: இந்நோயின் தொடக்க நிலையில் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதால் போதுகிறது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தில் பிசிஆர், ஏபிஎல் என்னும் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதால், பிசிஆர்-ஏபிஎல் என்னும் டைரோசின் கைனேஸ் (பிற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் வகை) நொதி உருவாகிறது. இயல்பான ஏபிஎல் நொதி, தேவையானபோது மட்டும் பிற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றிச் செய்தியைக் கடத்திவிட்டு ஓய்ந்துவிடும். ஒட்டிப் பிறந்த நொதியோ 'பெருகு, சாகாதே' என்ற செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பாஸ்பேட்டைக் கொண்டுவரும் ஏடிபி மூலக்கூறு அமரவேண்டிய குழியில் இமாடினிப் முன்னதாகவே அமர்ந்துகொள்வதால் அந்தச் செய்தி நின்றுபோகிறது. 2001 மே மாதம் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் கண்ட காரணமும் நோயாளிக்குக் கிடைத்த பலனும் இவ்வளவு நேராகப் பொருந்திய சந்தர்ப்பங்கள் மருந்தியலில் மிகச் சிலவே என்பது என் கருத்து.

கேள்வி: மாத்திரை தொடங்கியபின் அவருடைய தோல் வெளுத்திருக்கிறது. இதுவும் நோயா?

பதில்: பெரும்பாலும் மருந்தின் வேலைதான், ஆயினும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தோலுக்கு நிறம் தரும் செல்கள் 'கிட்' என்ற மற்றொரு கைனேஸ் வழியாக வரும் செய்தியை நம்பியிருக்கின்றன. இமாடினிப் அதையும் பிடித்துவிடும். இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் ஜிஸ்ட் என்னும் கட்டிக்கு இதே மாத்திரை தரப்படுவதும் 'கிட்' புரதத்தை முன்னிட்டுத்தான்.

கேள்வி: ரத்த எண்ணிக்கை சீராகிவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: தாமாக நிறுத்தக் கூடாது. பல ஆண்டுகள் மூலக்கூறு அளவிலும் நோய்த் தடயம் தென்படாதவர்களுக்கு மட்டுமே, அடிக்கடிப் பரிசோதனையுடன் நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர்களிலும் கணிசமானோருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. ஒற்றைத் தலைவலிக்காக என் அக்கா சாப்பிடும் புரோப்ரனலால் மாத்திரையை நானும் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அட்ரினலின் என்னும் ஹார்மோன் இதயத்தில் முக்கியமாக பீட்டா-1 ஏற்பியிலும் (ஏற்பி என்பது செல்லின்மேல் இருந்து செய்தியை வாங்கும் புரதம்), மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 ஏற்பியிலும் சேர்கிறது. பீட்டா-2 தூண்டப்பட்டால் செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்னும் மூலக்கூறு பெருகித் தசை தளரும். உங்கள் சல்பியூட்டமால் இன்ஹேலர் செய்வது இதைத்தான். 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் இரு ஏற்பிகளையும் அடைப்பதால், மூச்சுக்குழாய் ஆபத்தான அளவுக்குச் சுருங்கக்கூடும்; அப்போது அவசரத்துக்கு எடுக்கும் இன்ஹேலரும் சரியாகக் கைகொடுக்காது. மெட்டோப்ரலால் போன்றவை பீட்டா-1ஐ அதிகமாக நாடினாலும், அளவு கூடக்கூட அந்தப் பாகுபாடு மங்கிவிடும். கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான். கண்ணீர்ப் பாதை வழியே மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும் என்பதால், கண் மருத்துவரிடமும் ஆஸ்துமா இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.