வராத வாடகைக்கும் வரியா? ஆடிட்டர் பதில்கள்

கொரோனா ஊரடங்கில் வாடகை இழந்த வீடு, கடை உரிமையாளர்களும் 2020-21 நிதியாண்டின் வருமான வரிக் கணக்கை 2021 டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று தனிச் சலுகை வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே வழி இருந்தது. நாம்தான் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அப்போது வாசகர்கள் கேட்டவையும் பதில்களும் இவை.

திருப்பூர் வாசகர்: சார், கடை வாடகை மாதம் 18,000. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தராமலே காலி செய்துவிட்டார். அதற்கும் வரி கட்டணுமா?

வேண்டாம். ஆனால் வராத வாடகையைக் கழிக்க, வருமான வரி விதிகளில் விதி 4 சொல்லும் நிபந்தனைகள் உண்டு. வாடகை ஒப்பந்தம் உண்மையானதாக இருக்க வேண்டும். அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்யவைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு இடத்தில் அவர் இருக்கக் கூடாது. பாக்கிக்காக வழக்குத் தொடர முயன்றிருக்க வேண்டும். அல்லது வழக்குப் போட்டும் பயனில்லை என்பதை வருமான வரி அதிகாரி ஏற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வக்கீல் நோட்டீஸும் பதிவுத் தபால் ரசீதும் கையில் இருக்கட்டும்.

அட்வான்ஸை என்ன செய்தீர்கள்? பாக்கி 90,000ஐ அதில் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பியிருந்தால், அந்த 90,000 உங்களுக்கு வந்த வாடகைதான். வராததாகக் காட்டவே காட்டாதீர்கள். மீதியைத் திருப்பிக் கொடுத்த பேங்க் என்ட்ரி ஒன்றே போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

அவரே: அதன்பிறகு மார்ச் வரை கடை பூட்டியே கிடந்ததே?

காலியாகக் கிடந்த அந்த மாதங்களின் வாடகையைச் சேர்க்காமல் விட, சட்டத்தின் பிரிவு 23(1)(சி) கைகொடுக்கும். டு-லெட் விளம்பரம், புரோக்கருக்கு அனுப்பிய மெசேஜ், கரண்ட் பில் எல்லாம் ஆதாரம். ஆண்டு முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் சிக்கல்: வருமான வரித் தீர்ப்பாயங்கள் சில உரிமையாளர் பக்கம் நின்றிருக்கின்றன, ஆந்திர உயர் நீதிமன்றம் 2011இல் எதிராகத் தீர்ப்பளித்தது.

மதுரை வாசகி: குடியிருப்பவருக்கு வேலை போய்விட்டது. பாதி வாடகை போதும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னேன். முழு வாடகைக்கும் வரி உண்டா?

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. மீதிப் பாதியை அடியோடு விட்டுவிட்டீர்களா, பிறகு தரச் சொன்னீர்களா? விட்டுவிட்டீர்கள் என்றால், எந்தெந்த மாதம், எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இன்றைய தேதியே போதும், பழைய தேதி போட வேண்டாம். பிறகு தரச் சொல்லியிருந்தால் அது வரவேண்டிய வாடகை. அவர் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார், காலி செய்யவைக்க நீங்களும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் விதி 4 உதவாது, முழு வாடகைக்கும் வரி உண்டு.

சென்னை வாசகர்: வராத வாடகை என்று முன்பு கழித்துக் காட்டிய பாக்கி இப்போது வந்துவிட்டது. இதற்கு வரி உண்டா?

வந்த ஆண்டின் வருமானம். பிரிவு 25ஏ-படி 30% கழிவு போக மீதிக்கு வரி. வீட்டை விற்றுவிட்டிருந்தாலும் இதே கணக்குதான்.

கோவை வாசகர்: அந்த ஆண்டு வந்த வாடகை 1 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 3.4 லட்சம். நஷ்டத்தை எப்படிக் கழிப்பது?

வாடகையில் சட்டம் தரும் 30% கழிவு போக 70,000. வட்டியைக் கழித்தால் நஷ்டம் 2.7 லட்சம். இதில் 2 லட்சத்தை அதே ஆண்டின் சம்பளத்தில் கழிக்கலாம். மீதி 70,000ஐ அடுத்த எட்டு ஆண்டுகள் வரை வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். வரி விகிதமும் கழிவுகளும் குறைந்த புதிய வரிமுறைக்குப் போனால் சம்பளத்தில் கழிக்க முடியாது, பழைய முறை, புதிய முறை இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். மொராட்டோரியம் (கடன் தவணையைத் தள்ளிவைக்கும் சலுகை) எடுத்த மாதங்களின் வட்டி அந்த 3.4 லட்சத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பேங்க்கில் கேளுங்கள். கட்டாவிட்டாலும் அதற்கும் கழிவு உண்டு.