சாமி கண்ணைக் குத்தாது

அன்புள்ள அக்கா, எனக்க மகளுக்கு அஞ்சு வயசு. ராத்திரி படுத்ததும் சாமி எங்க இருக்கு, சாமிக்கு அம்மை உண்டா, செத்துப்போன தாத்தா அங்கதான் இருக்காரான்னு கேக்கா. பதில் தெரியல. அவ அப்பா சாமி கும்பிடமாட்டாரு. மாமியோ, சாப்பிடலன்னா சாமி கண்ணைக் குத்தும்னு மிரட்டுவா. ஸ்லோகம் கிளாஸ்ல சேக்கலாமா?
ஒரு வாசகி, களியக்காவிளை

மக்களே,

கிளாஸ் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லதுக்கில்ல, பிள்ளைக்கு பாட்டு பிடிச்சா போகட்டும். உனக்க வீட்டுக்காரரு கும்பிடாததும் பெரிய காரியமில்ல, அப்பாக்கு நம்பிக்கை இல்ல எனக்கு உண்டுன்னு நேரா சொன்னா அஞ்சு வயசுக்கு அது புரியும்.

ஆனா அந்தக் கண்ணைக் குத்துற சாமி, அத நீ போறபோக்குல எழுதிட்ட, எனக்கு அதத் தாண்டி வர முடியல. கொஞ்ச நாளா இதேதான் மனசுல கெடக்கு, எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைக்கு சோறூட்ட சாமிய போலீசாக்கி வச்சிருக்காங்க. அதுவும் நம்ம ஊர்ல! தலப்பா கட்டக்கூடாதுன்னு ராஜாங்கமே அடக்கி வச்சிருந்த சனத்த, தலப்பா கட்டி நிமிந்து நின்னு கும்பிடுன்னு சொன்ன அய்யா வைகுண்டர் (1809–1851) பிறந்த சாமித்தோப்பு உனக்கு எவ்வளவு தூரம்? அவரு காட்டுன அய்யாவழியில சிலை கெடையாது, முகம் பாக்குற கண்ணாடியும் விளக்கும்தான். கேரளத்து நாராயண குருவும் 1927ல சேர்த்தலை பக்கம் களவங்கோட்டுல கண்ணாடியத்தான் பிரதிஷ்டை பண்ணாரு. பயத்த விரட்டுன மண்ணுல நின்னுட்டு பிள்ளைக்கு பயத்த ஊட்டுறீங்க.

எனக்க ஆச்சி சின்னதுல எங்க ஊரு நிழல்தாங்கலுக்கு, அதான் அய்யாவழிக்காரங்க கும்பிடுற இடம், கூட்டிட்டுப் போவா. கண்ணாடி கொஞ்சம் உயரத்துல இருக்கும், எனக்கு எனக்க நெத்தியும் நாமமும் மட்டும்தான் தெரியும். சாமி எங்க ஆச்சின்னு கேட்டேன். இப்ப நெத்தி தெரியுதுல்லா, வளர வளர மிச்சமும் தெரியும்னு சொல்லிட்டு அவ கும்பிடப் போயிட்டா. அவ்வளவுதான் பதில். பிறகு எப்ப போனாலும் இன்னைக்கு எதுவரைக்கும் தெரியுதுன்னு பாப்பேன், புருவம், பிறகு கண்ணு. அந்தக் கேள்வி என்கூடவே வளந்துச்சு, பயம்னு ஒண்ணு பக்கத்துலயே வரல. உனக்கும் பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, நீ என்ன நினைக்கன்னு திருப்பிக் கேளு, அவ சொல்லதுல பாதி உனக்குத் தோணியே இருக்காது.

இன்னொண்ணு, இதுக்கு உன்மேல எனக்கு கோவம்தான். தாத்தா சாமிகிட்ட போயிட்டாருன்னு வீட்டுல யாரோ சொல்லிருக்கீங்க, இல்லன்னா அவ அப்படி கேக்கமாட்டா. அதே வீட்டுலதான் சாமி கண்ணைக் குத்தும்னும் சொல்லுதீங்க. இது ரெண்டையும் சேத்து வச்சுட்டு அந்தப் பிள்ள இருட்டுல என்ன நினைச்சுட்டு படுத்திருக்கும்னு யோசிச்சியா? அவ கேக்கது சாமிய பத்தியே இல்ல, தாத்தாவ பத்தி. மாமிகிட்ட சண்டைக்குப் போகாத, அவங்களுக்கும் அப்படித்தான் யாரோ சோறூட்டிருப்பாங்க, ஆனா இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்னு அடிச்சு சொல்லிரு. பிறகு கிளாஸ் தேடலாம், இன்னைக்கு ராத்திரி மொதல்ல பிள்ளைய பக்கத்துல போட்டுக்கிட்டு, தாத்தா கண்ணை யாரும் குத்தமாட்டாங்கன்னு சொல்லு.