ஸ்னோ புளோவர் பெல்ட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?

முடியும். ஒன்ராறியோவில் இருக்கிறீர்கள், 24 அங்குல டூ-ஸ்டேஜ் மெஷின் (பனியை வார ஒரு பாகம், வீச ஒரு பாகம் உள்ளது), இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பனிதான் வெளியே வரவில்லை, கடையில் கேட்டால் வரிசை நீளம் என்கிறார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் எந்தக் கடையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். என் மெஷினுக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மெஷினுக்கும் கராஜில் வைத்தே மாற்றியிருக்கிறேன். ஒரு ராட்செட் செட், ஒரு பிளையர், ஒரு மதியப்பொழுது இருந்தால் போதும்.

ஆனால் காசைக் கொடுத்து பெல்ட் வாங்கும் முன், போனது பெல்ட்தானா என்று பாருங்கள். முன்னால் பனியை வாரி உள்ளே இழுக்கும் சுருள்தான் ஆகர். அதற்குப் பின்னால் இருக்கும் இம்பெல்லர் என்ற விசிறி, வாரியதைக் குழாய் வழியாக வீசுகிறது. பெல்ட் நேரடியாகச் சுழற்றுவது இம்பெல்லரின் தண்டை. அந்தத் தண்டு ஒரு கியர்பாக்ஸ் வழியாக ஆகரைச் சுழற்றுகிறது. ஆகரின் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் தண்டோடு பிணைத்திருப்பது ஷியர் பின். கல்லோ பழைய செய்தித்தாளோ சிக்கினால் கியர்பாக்ஸ் நொறுங்காமல் இருக்க முதலில் உடைய வேண்டியது அதுதான். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, ஆகரை ஒரு கட்டையால் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தண்டை விட்டுத் தனியாக லேசாகச் சுற்றினால் பின் உடைந்திருக்கிறது. சில டாலரில் வேலை முடிந்தது. பின் எல்லாம் சரியாக இருந்து, கைப்பிடியில் இருக்கும் ஆகர் லீவரை அழுத்தியும் எதுவுமே சுற்றவில்லை, போதாக்குறைக்கு ரப்பர் கருகிய வாசனையும் வந்தது என்றால் பெல்ட்தான். அந்த லீவரிலிருந்து பெல்ட்டை இறுக்கும் பாகத்துக்குப் போகும் கேபிள் அறுந்தாலும் இதே நிலைதான் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எந்த நிலையிலும் குழாய்க்குள் கையை விடாதீர்கள். இன்ஜின் நின்ற பிறகும் பெல்ட்டில் விசை தேங்கியிருக்கலாம். அடைத்திருந்த பனிக்கட்டி விலகிய நொடியில் இம்பெல்லர் ஒரு சுற்று சுற்றிவிடும். விரல் போவதற்கு அது போதும். அதற்கென்றுதான் மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி தருகிறார்கள்.

அடுத்தது எந்த பெல்ட் வாங்குவது என்பது. என்னைக் கேட்டால், மாற்றும் வேலையை விட இதில்தான் கவனம் அதிகம் தேவை. நீள அகலம் ஒத்துப்போகிறதே என்று கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் சாதாரண வி-பெல்ட்டைப் போடுபவர்கள் உண்டு. இந்த மெஷினில் தனியாக கிளட்ச் கிடையாது, பெல்ட்டே கிளட்ச். லீவரை அழுத்தினால் ஐட்லர் புல்லி வந்து பெல்ட்டை இறுக்கும். விட்டால் பெல்ட் தொய்ந்து நிற்க, இன்ஜின் புல்லி மட்டும் உள்ளே வழுக்கிக்கொண்டு சுற்றும். அதனால்தான் இதற்கென்று செய்த பெல்ட்டுகளில் வெளியே துணி உறை, உள்ளே பெரும்பாலும் அராமிட் என்ற, சூடும் இழுப்பும் தாங்கும் செயற்கை நூல். கொஞ்சம் குட்டையாக இருந்தால் லீவரை விட்ட பிறகும் ஆகர் சுற்றும், அது ஆபத்து. கொஞ்சம் நீளமாக இருந்தால் வழுக்கி வழுக்கியே கருகிவிடும். மெஷினின் பின்பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண் இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். ஆகருக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பெல்ட் உண்டு. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கழற்றும் பாடு ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோலை முடிந்தவரை வடித்துவிட்டு, டேங்க் மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடுங்கள். மெஷினைச் சாய்க்கும்போது ஒழுகாது. இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பெல்ட்டுகள் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக முன்னால் இருப்பது ஆகர் பெல்ட், அதைக் கழற்றினால்தான் பின்னால் இருக்கும் சக்கர பெல்ட் வரும்.

அடுத்து மாடலுக்கு மாடல் வழி மாறும். எம்.டி.டி. தயாரித்த பல மாடல்களில் மெஷினை முன்பக்கமாகக் கவிழ்த்து ஆகர் பெட்டியின் மேல் நிறுத்தி, அடித்தகட்டைக் கழற்றி, பெல்ட்டை மறிக்கும் போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் விடுவித்து எடுக்க வேண்டும். பல ஏரியன்ஸ் மாடல்களில் ஆகர் பெட்டியையும் இன்ஜின் பகுதியையும் இணைக்கும் மேல் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, கீழே இருப்பவற்றைத் தளர்த்தினால் மெஷின் பாக்குவெட்டி போல விரியும். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். கைப்பிடிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் போல்ட்டில் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கை பிளையரால் இழுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடித்தகட்டைத் திறந்தால் சக்கரத்தை ஓட்டும் ரப்பர் விளிம்பு வைத்த உராய்வுத் தட்டு கண்ணில் படும். அதில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டாலும் வண்டி நகராது.

புது பெல்ட்டைப் போட்டதும், பிளக் வயர் இன்னும் கழன்றே இருக்கும்போது, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் புல்லிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் வெளியே குதிக்காமல் காக்கும் கம்பியையும் பழைய இடத்திலேயே பொருத்துங்கள்.

அப்புறம் கேபிள். பலர் இதை விட்டுவிட்டு, புது பெல்ட்டும் வழுக்குகிறதே என்று புலம்புவார்கள். லீவரை விட்ட நிலையில் கேபிள் லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும், அழுத்தினால் ஸ்பிரிங் விரிய வேண்டும். மெஷினை வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யுங்கள். கராஜுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். லீவரை விட்டதும் 5 வினாடிக்குள் ஆகர் நிற்க வேண்டும் என்பது மேனுவல்கள் சொல்லும் கணக்கு. நிற்காவிட்டால் கேபிளைத் தளர்த்துங்கள். புது பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் நீளும், அப்போது கேபிளை இன்னொரு முறை இறுக்க வேண்டிவரும்.

பெல்ட் ஏன் கருகியது என்றும் யோசியுங்கள். 2022 ஜனவரி 17-ஆம் தேதி டொராண்டோவில் கொட்டியதைப் போன்ற ஒரு நாளில், டிரைவ்வேயின் வாயில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போன ஈர மேட்டை முழு அகலத்துக்கு முட்டித் தள்ளினால் எந்த பெல்ட்டும் திணறும். பாதி அகலம், குறைந்த கியர். இன்னொரு காரணம், முந்தைய நாள் உள்ளே தங்கிய பனி உறைந்து இம்பெல்லரை இறுகப் பிடித்துக்கொள்வது. அது தெரியாமல் லீவரை அழுத்தினால் புல்லி ஒரே இடத்தில் தேய்த்து பெல்ட்டைப் பொசுக்கிவிடும். வேலை முடிந்ததும் ஓரிரு நிமிடம் ஆகரைச் சும்மா ஓடவிட்டு, உள்ளே இருப்பதை வெளியே வீசச் செய்தபின் அணையுங்கள்.

பெல்ட் கழன்றிருக்கும்போதே புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஐட்லர் கரகரத்தால் அதையும் மாற்றிவிடலாம், விலை அதிகமில்லை. இம்பெல்லர் தண்டே ஆடுகிறது, பேரிங் போய்விட்டது என்றால் மட்டும் கடை வரிசையில் பெயரைக் கொடுங்கள்.