மழைக்காலத்தில் லாவோஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியை. எனக்கு நீண்ட லீவு கிடைப்பது ஒகஸ்ட்டில்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு 11 நாட்கள் லாவோஸ் போக நினைத்திருக்கிறேன். அங்கே மலையடிவாரத்தில் பழைய சிவன் கோயில் ஒன்று இருப்பதாக அம்மா எங்கோ வாசித்துவிட்டு, அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். அவருக்கு 62 வயது, நீரிழிவு உண்டு, மரக்கறி மட்டுமே சாப்பிடுவார். இந்தியாவுக்கு யாத்திரை போனதைத் தவிர நாங்கள் வேறு நாடு எதுவும் பார்த்ததில்லை.

நான் போட்ட திட்டம்: வியன்டியன், வாங் வியெங், லுவாங் பிரபாங், நோங் கியாவ், போன்சவன், கொங் லோர் குகை, பக்சே, வாட் பூ கோயில், சீ பான் டோன் தீவுகள், திரும்ப வியன்டியன். தெற்கில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒகஸ்ட்டில் அங்கே நல்ல மழையாம். கொழும்பில் மழை பெய்யும்போது திருகோணமலையில் வெயில் எறிக்கிறதே, அதுபோல அங்கும் மழை இல்லாத பக்கம் ஏதும் உண்டா? இந்தத் திட்டம் சரிவருமா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

மழை இல்லாத பக்கம் உண்டு, ஆனால் அது லாவோஸுக்குள் இல்லை. நம் நாட்டில் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தை மத்திய மலைநாடு மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. அதனால்தான் ஒகஸ்ட்டில் திருகோணமலை காய்கிறது. லாவோஸில் அந்த வேலையைச் செய்யும் அன்னாமைற் மலைத்தொடர் நாட்டின் கிழக்கு எல்லையில் நிற்கிறது. ஈரம் முழுவதும் லாவோஸ் பக்கத்தில் கொட்டுகிறது. வெயில் எறிப்பது மலைக்கு அப்பால், வியட்நாமின் ஹுவே, டா நாங் கரையோரத்தில்.

ஆனாலும் நாடு முழுவதும் ஒரே அளவில் பெய்வதில்லை. லுவாங் பிரபாங்கின் வருட மழை கொழும்பினதைவிடக் கணிசமாகக் குறைவு. தெற்கிலுள்ள பொலவன் மேட்டுநிலத்தில் பாக்சோங் பகுதி வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும். வழமையான பருவமழை நாள் ஒன்றை உங்களால் சமாளிக்க முடியும். ஒரு பாட்டம் பெய்து ஓயும், பிறகு வெளியே போகலாம். உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தென்சீனக் கடலில் உருவாகும் புயல்கள் வியட்நாமைக் கடந்து வலுவிழந்து லாவோஸ் மலைகளுக்கு மேல் வந்து நின்று இரண்டு மூன்று நாட்கள் விடாமல் கொட்டும். 2024 செப்டெம்பரில் யாகி புயலுக்குப் பிறகு வடக்கே லுவாங் நம்தா வெள்ளத்தில் மூழ்கியது அப்படித்தான். ஆகவே நீங்கள் அங்கே நிற்கும் நாட்களில் வியட்நாம் கரையின் புயல் செய்தியைத் தினமும் பாருங்கள். உங்களுக்கு இரண்டு நாள் முன்னறிவித்தல் கிடைக்கும்.

இன்னொன்றையும் பார்க்கப் பழகுங்கள். வியன்டியனில் தலைமையகம் கொண்ட மீகொங் ஆற்று ஆணைக்குழு, ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை ஒவ்வொரு நகரத்திலும் ஆற்றின் மட்டத்தையும் அடுத்த சில நாட்களுக்கான எதிர்வுகூறலையும் தினமும் வெளியிடுகிறது. வியன்டியனில் 11.5 மீற்றர் எச்சரிக்கை மட்டம், 12.5 வெள்ள மட்டம். பக்சேயில் 11, 12. மேலே பெய்த மழை ஆற்று வழியே தெற்கே வந்துசேரச் சில நாட்கள் எடுக்கும். வடக்கில் மட்டம் ஏறினால் தெற்குப் பயணத்தை மாற்றி அமைக்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

இனி உங்கள் திட்டம். ஒன்பது இடங்கள், 11 நாட்கள். வெயில் காலத்திலேயே இது ஓட்டமாகத்தான் இருக்கும். ஒகஸ்ட்டில் ஒரு மண்சரிவு போதும், பின்னால் உள்ள அத்தனை முன்பதிவும் சரிந்துவிடும். மழைக்காலப் பயணத்தை இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. மழை எளிதில் நிறுத்த முடியாத பாதை எது என்று முதலில் பார்த்து, அந்தப் பாதையில் உள்ள இடங்களை மட்டும் எடுக்க வேண்டும்.

லாவோஸின் வடக்கில் அந்தப் பாதை ரயில். 2021 டிசெம்பரில் திறந்த சீன-லாவோஸ் ரயில் பாதை வியன்டியனிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடுகிறது. முன்பு மலைச்சாலையில் ஒரு பகல் முழுவதும் போகும். லாவோஸுக்குள் மட்டும் 75 சுரங்கங்கள் இருப்பதால் ஜன்னல் காட்சி குறைவு. மழைக்கு அதுவே பாதுகாப்பு. நோங் கியாவும் போன்சவனும் ரயில் போகாத ஊர்கள். ஈர மலைச்சாலையில் வளைந்து வளைந்து வேன் வண்டியில் போகவேண்டும். இரண்டையும் வெட்டிவிடுங்கள். பழங்காலக் கற்சாடிகள் பரந்து கிடக்கும் போன்சவன் சமவெளியை விடுவது எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸில் போட்ட இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகளில் வெடிக்காத கொத்துக்குண்டுகள் இன்னும் கோடிக்கணக்கில் மண்ணில் கிடக்கின்றன, போன்சவன் இருக்கும் ஸியெங் குவாங் மாகாணம் மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று, மழை மண்ணை அரித்துப் புதைந்ததை மேலே கொண்டுவரும். நாட்டில் எங்கே போனாலும் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்க வேண்டாம். இதைப் பற்றி அறிய வியன்டியனில் கோப் நிலையம் என்ற காட்சிக்கூடம் இருக்கிறது, அரை நாள் ஒதுக்குங்கள்.

கொங் லோரும் வேண்டாம். மலைக்கு உள்ளே ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடும் ஆற்றில் படகில் போவதுதான் அந்தக் குகை. மழையில் நீர் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு தூரம் போய்க் குகை வாசலைப் பார்த்துத் திரும்ப நேரலாம்.

தெற்கே பக்சேக்கு ரயில் இல்லை. படுக்கை பஸ் இரவு முழுவதும் ஓடும். படுக்கைகள் இருவருக்கு ஒன்று, நீளம் போதாது, மழையிருட்டில் லொறிகளோடு போட்டியிடும் சாலை. அம்மாவோடு இதைச் செய்யாதீர்கள். வியன்டியனிலிருந்து பக்சேக்கு உள்நாட்டு விமானம் ஒன்றே கால் மணித்தியாலம் அளவில். மழையில் அது தாமதமாகும், சில நாள் ரத்தாகும். அதனால் பக்சேயிலிருந்து திரும்பும் விமானத்தை நாடு திரும்பும் நாளுக்கு ஒரு நாள் முன்பே வையுங்கள், அந்த நாள் வேறு வேலையின்றி வெறுமையாக இருக்கட்டும்.

இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் கொழும்பு, பாங்கொக், வியன்டியன். இரண்டாம் நாள் வியன்டியனில் காசு மாற்ற, சிம் வாங்க, ரயில் சீட்டு எடுக்க, கோப் நிலையம் பார்க்க. மூன்றாம் நாள் ரயிலில் லுவாங் பிரபாங், அங்கே மூன்று இரவுகள். ஆறாம் நாள் ரயிலில் திரும்பி வியன்டியனில் இரவு. ஏழாம் நாள் பக்சேக்குப் பறந்து, நிற்காமல் காரில் சம்பாசக், அங்கே இரண்டு இரவுகள். ஒன்பதாம் நாள் பக்சேயில் தங்கி, வாடகைக் காரில் கோன் பாபெங் நீர்வீழ்ச்சி. பத்தாம் நாள் வியன்டியன், அதுதான் அந்த வெறுமை நாள். பதினோராம் நாள் புறப்பாடு. வாங் வியெங் விடுபட்டது. மலைமுகடுகளைப் பார்க்கப் போகிற இடம், முகில் மூடினால் அங்கே உங்களுக்கு வேலையில்லை.

சம்பாசக்கில் இரண்டு இரவுகள் போடச் சொல்வது வாட் பூவுக்காக. உங்கள் பயணத்தின் நடு அதுதான். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பூ காவ் மலையின் உச்சியில் இயற்கையாகவே ஒரு லிங்கம் போல் பாறை எழுந்து நிற்கிறது. அதனாலேயே அதற்கு லிங்கபர்வதம் என்று பெயர். அந்த மலையடியில் 5ஆம் நூற்றாண்டிலேயே நகரம் இருந்தது. தேவானிகன் என்ற அரசன் அங்கே குருக்ஷேத்திரம் என்று ஒரு தீர்த்தம் ஏற்படுத்தியதைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையான கெமர் வேலை. கருவறைக்குப் பின் பாறையிலிருந்து ஊறும் சுனைநீரைக் கல்வாய்க்கால் வழியே கொண்டுவந்து லிங்கத்தின் மேல் இடையறாது விழச் செய்திருந்தார்கள். இன்று கருவறையில் இருப்பவர் புத்தர். லிங்கம் இல்லை. இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். சுனை இன்னும் ஊறுகிறது. கருவறைக்குப் பின்னுள்ள பாறையில் சிவன் நடுவிலும் பிரமனும் திருமாலும் இரு பக்கத்திலுமாகச் செதுக்கிய மும்மூர்த்தி அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தில் சுனையில் நீர் அதிகம், கூட்டம் குறைவு. இந்தக் கோயிலுக்கு ஒகஸ்ட் கெட்ட மாதமே இல்லை.

சிக்கல் படிகளில். கீழே குளங்களிலிருந்து மண்டபங்கள் வரை சமதரை, மின்வண்டியும் ஓடும். அதற்கு மேல் செங்குத்தான பழைய கற்படிகள், உயரம் ஒன்றுக்கொன்று மாறும், கைபிடி கிடையாது, மழையில் பாசி பிடித்து வழுக்கும். காலையில் திறந்ததும் போங்கள். இரவு மழை பெய்திருந்தால் படி காயும்வரை கீழ் மண்டபங்களைப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து, அம்மா பக்கவாட்டாகக் காலை வைத்து, ஒரு கோலை ஊன்றி இறங்கட்டும். முதல் நாள் மழை விடாவிட்டால் இரண்டாம் நாள் கையிலிருக்கிறது.

அம்மாவின் கால் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எலிக்காய்ச்சல் பற்றி உங்களுக்குத் தெரியும். லாவோஸில் அதோடு மெலியோய்டோசிஸ் என்ற கிருமி நோயும் மழைக்காலத்தில் கூடும். கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கிறது, தோலிலுள்ள சிறு கீறல் வழியே உள்ளே போகும், நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்கும், கவனிக்காவிட்டால் உயிராபத்து. மூடிய ரப்பர் சப்பாத்து ஒரு சோடி கட்டாயம். வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது. ஒவ்வோர் இரவும் பாதத்தைக் கழுவித் துடைத்து விரலிடுக்கில் காயம் உண்டா என்று பாருங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு வைத்தியரிடம் இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். வந்தபின் காய்ச்சல் வந்தாலும் எங்கே போனீர்கள் என்று சொல்லுங்கள். டெங்கு அங்கும் உண்டு, காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ வேண்டாம். அம்மா இதயத்துக்கென்று ஏற்கனவே அஸ்பிரின் எடுப்பவரானால் அதையும் வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். நுளம்பு மருந்தைக் கிறீமாக எடுங்கள். ரயில் நிலையத்தில் விமான நிலையம் போலவே பையைச் சோதிப்பார்கள், ஸ்பிரே போத்தலையும் பழம் வெட்டும் கத்தியையும் பறித்துவிடுவார்கள். ரயில் சீட்டு வாங்கவும் ஏறவும் கடவுச்சீட்டு வேண்டும். நிலையங்கள் நகருக்கு வெளியே இருக்கின்றன, ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள்.

ஸ்கூட்டரை மறந்துவிடுங்கள். அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் பழகிய கை, ஈரச் சாலையில், அவசரத்தில், தானாகவே இடப்பக்கம் திரும்பும். மோட்டார் சைக்கிளுக்கான அனுமதிப்பத்திரமும் சர்வதேசப் பத்திரமும் இல்லாமல் விழுந்தால் காப்புறுதியும் கைவிடும். காப்புறுதி எடுக்கும்போது வேறு நாட்டுக்கு நோயாளியைக் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்று வாசியுங்கள். பாரதூரமான நோயாளிகளை எல்லை தாண்டித் தாய்லாந்துக்குத்தான் கொண்டுபோவார்கள்.

சாப்பாட்டில் பாடேக் என்ற புளித்த மீன்சாறு எங்கும் இருக்கும், நம் சம்பலில் மாசி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பது போல. மரக்கறி என்று மட்டும் சொன்னால் மரக்கறியை அதில்தான் சமைத்துத் தருவார்கள். 'கின் ஜே' (மரக்கறி மட்டும் சாப்பிடுவேன்) என்று சொல்லி, கூடவே 'போ சாய் பாடேக், போ சாய் நாம் பா' என்றும் சொல்லுங்கள். பாடேக்கும் மீன் சோஸும் போடவேண்டாம் என்பது அதன் பொருள். கடை ஊழியரிடம் லாவோ எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அங்கே மக்கள் உண்பது ஒட்டும் அரிசிச் சோறு. நீரிழிவுக்காரருக்கு இரத்தச் சீனியை வேகமாக ஏற்றும், அம்மாவுக்குச் சாதாரண சோறு கேட்டு வாங்குங்கள்.

விசாவை எல்லாவற்றுக்கும் முன் முடியுங்கள். கனடா, லண்டன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. லாவோஸ் அரசின் இ-விசா தளத்தில் இலங்கையைத் தெரிவு செய்து பார்த்து, எந்த வாசல்களில் அது செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாங்கொக் வழியாக ஒரே சீட்டில் போங்கள். இரண்டு தனிச் சீட்டானால் பையை எடுக்கத் தாய்லாந்துக்குள் நுழைய நேரும், அதற்கும் அனுமதி பார்க்கவேண்டும். கிப் நாணயம் கொழும்பில் கிடைக்காது, மிஞ்சினால் இங்கே மாற்றவும் முடியாது. கசங்காத டொலர் கொண்டுபோய்ச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

எதிர்பார்ப்பில் சில திருத்தங்கள். லுவாங் பிரபாங்கில் நாம் கான் ஆற்றின் மூங்கில் பாலத்தை மழைக்கு முன் கழற்றிவிடுவார்கள். குவாங் சி நீர்வீழ்ச்சியின் நீல நீர் கனமழைக்குப் பின் மண்நிறமாகிவிடும். மீகொங்கின் லாவோஸ் பகுதியில் ஐராவதி டொல்பின் 2022இலேயே இல்லாமல் போய்விட்டது, டொல்பின் காட்டுவதாகச் சொல்லும் படகுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாறாகக் கோன் பாபெங்கை அதன் முழு வேகத்தில் பார்க்கும் காலம் இதுதான். உயரம் அதிகமில்லை, ஆனால் மீகொங் ஆறே அங்கு உடைந்து விழுகிறது.

கடைசியாக, பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். ஆவணி அமாவாசையை ஒட்டி லாவோஸில் பூன் காவ் படப் தின் வரும். விடியுமுன் வாழையிலையில் சோற்றுப் பொட்டலம் கட்டி இறந்தவர்களுக்காக நிலத்தில் வைப்பார்கள். லுவாங் பிரபாங்கில் அதையொட்டி நாம் கானில் படகோட்டப் போட்டி நடக்கும். அந்த நாள் உங்கள் லீவுக்குள் விழுந்தால் தெற்கை முதலிலும் வடக்கைப் பின்னாலும் மாற்றிக்கொள்ளலாம், நாட்கணக்கு அதேதான். அந்த வாரம் வீடுதிரும்பும் உள்ளூர்க்காரரால் ரயில் நிரம்பும். சீட்டு பயணத்துக்குச் சில நாட்கள் முன்புதான் விற்பனைக்கு வரும் என்பதால், அது திறக்கும் அன்றே எடுங்கள். அறையை இப்போதே பிடித்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா