தாழ்ப்பாளைத் தொட்ட பிறகு

அன்புள்ள சார்,

என் மனைவிக்கு ஓசிடி; வேண்டாத பயம் விடாமல் துரத்தி, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மாத்திரையோடு, பயப்படுவதை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் எக்ஸ்போஷர் தெரபிக்கும் அனுப்பினார்கள். அங்கே கழிவறைத் தாழ்ப்பாளைத் தொடச் சொல்லி, கை கழுவாமல் உட்கார வைக்கிறார்கள். அழுகிறாள். வீட்டுக்கு வந்ததும் ‘ஒண்ணும் ஆகாது, சுத்தமாத்தான் இருக்கு’ என்று நான்தான் தேற்றுகிறேன். இது சிகிச்சையா, சித்திரவதையா? நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை; என் அக்காவுக்கு இருந்ததால் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் பட்டேன்.

தாழ்ப்பாளைத் தொடுவது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி, தொட்ட பிறகு கழுவாமல் இருப்பது. கழுவியதும் பதற்றம் சட்டென்று இறங்கும். ‘கழுவினதால்தான் தப்பித்தோம்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். கழுவாமல் உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு பொய் என்று தெரியவரும். பதற்றம் மெல்லத் தணியும். தணியாத நாளிலும் தாங்க முடிகிறதே என்றாவது புரியும்.

1966-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் விக்டர் மேயர், இரண்டு நோயாளிகளிடம் இந்த முறையைச் செய்து பார்த்து எழுதினார். அப்போது நர்ஸ்கள் கூடவே இருந்து தடுத்தார்கள். கெடுபிடிதான். இன்று தடுக்க வேண்டியவர் நோயாளியேதான். தன் பயங்களுக்கு அவரே மதிப்பெண் போட்டு, தாங்கக்கூடியதிலிருந்து படிப்படியாக ஏறுவார். அதனால் மனைவியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தாழ்ப்பாள் அவர் ஒப்புக்கொண்ட படியா, திணித்ததா? திணித்தது என்றால் தெரபிஸ்டிடம் தாராளமாகச் சண்டை போடலாம். ஒப்புக்கொண்டது என்றால், அழுகிறார் என்பதற்காகத் தப்பாக நடக்கிறது என்று அர்த்தமில்லை.

எனக்கு இடறுவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தேற்றல்தான். அதுவும் ஒரு கை கழுவல். தண்ணீருக்குப் பதில் உங்கள் வாய். அக்காவுக்குப் பூட்டுப் பிரச்சினை. ‘பூட்டியாச்சுக்கா’ என்று ராத்திரிக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். பாசம் என்றுதான் நினைத்தேன். நோய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தெரபிஸ்ட் சொன்னபடி, அக்காவும் சம்மதித்த பிறகு, ஒரு ராத்திரி ‘தெரியலையேக்கா, கஷ்டமாத்தான் இருக்கும், கூட உட்கார்றேன்’ என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. சம்மதித்தவள்தான்!

அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று மூவருமாகப் பேசி வையுங்கள். வெடித்த விரலுக்கு எத்தனை வேளை களிம்பு போடுவது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் நாளைக்கு நாற்பது தடவை ஆகிவிடும்.