27,600 வெள்ளிக் கடன் தின்பது 23, 3,000 வெள்ளிக் கடன் தின்பது 300

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். அப்பாவுக்கு 56 வயது, செம்பனைக் குலை வெட்டுகிறார். நான் ஈப்போவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கைக்கு வருவது 2,650 வெள்ளி (ரிங்கிட்). பட்டப்படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடனில் (அரசாங்க உயர்கல்விக் கடன்) 27,600 பாக்கி. மாதம் 180 கட்ட வேண்டும், 14 மாதமாகக் கட்டவில்லை. கிரெடிட் கார்டில் 8,400 நிற்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சம்பளமில்லா லீவு போட்டேன். அப்போது டவுனில் ஒருவரிடம் 3,000 வாங்கினேன். மாதம் 300 வட்டி, 11 மாதமாகிறது. என் ஏடிஎம் அட்டை அவரிடம் இருக்கிறது, சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்துக்கொள்வார். அம்மாவின் சங்கிலி 2,000 வெள்ளிக்கு அடகில் இருக்கிறது, நான்கு மாதமாயிற்று. தோட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து போடும் கூட்டுக்கு மாதம் 200 கட்டுகிறேன். கடைசி முறை எனக்கு, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

தம்பி எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டான். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்கு இடம் தருகிறார்கள், பிடிபிடிஎன் கடனையும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். "முழுக் கடனையும் எடு, கட்டணம் போக மிச்சத்தில் அக்கா கடனை அடைத்துவிடலாம், கவர்மெண்டு காசுதானே, மெதுவாகக் கட்டலாம்" என்கிறார் மாமா. அப்பாவோ இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் முழுவதையும் எடுத்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன் என்கிறார். எனக்கு இரவில் தூக்கமில்லை. எதை முதலில் கட்டுவது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடன்களை எழுதிய வரிசையைக் கவனித்தேன். பிடிபிடிஎன் முதலில், கார்டு அடுத்து, டவுன்காரர் அதன்பின். தொகை பெரியதிலிருந்து சிறியதுக்கு வருகிறீர்கள், ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். 27,600 என்ற எண் மிரட்டுகிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் கைவிடுவது அந்தக் கடன் இல்லை.

ஒவ்வொரு கடனும் மாதத்துக்கு எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். பிடிபிடிஎன்னுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம். 27,600-க்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 276, மாதத்துக்கு ஏறத்தாழ 23 வெள்ளி. அடகு கடை மாதம் 2 விழுக்காடு, அதாவது 40 வெள்ளி. கார்டுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 126. டவுன்காரர் 300. உங்கள் கடன்களிலேயே பெரியது 23 தின்கிறது, அதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லாத 3,000 வெள்ளி 300 தின்கிறது. 11 மாதத்தில் அவருக்கு 3,300 கொடுத்துவிட்டீர்கள். வாங்கியதற்கு மேலேயே கொடுத்தும் அசலில் ஒரு சென் குறையவில்லை.

அதனால் முதலில் முடிக்க வேண்டியது அவர் கணக்கு. 1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. இவர் வாங்குவது ஆண்டுக்கு 120 விழுக்காடு. ஏடிஎம் அட்டையையும் பின் நம்பரையும் பிடித்து வைத்திருக்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், வாங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பலர் இரண்டாவது ஆலோங்கிடம் போகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த 3,000-க்கு எங்கே போவது? இங்கே அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

55 வயது கடந்துவிட்டதால் அதுவரை சேர்ந்த இபிஎஃப் பணத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வேண்டிய அளவு மட்டும் எடுக்கவும் முடியும். முழுவதையும் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன். 60 வயதில் அப்பா வேலையை விட்டதும் நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொல்லும். முப்பது வருடம் குடியிருந்த லயத்து வீட்டின் சாவியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு, ஒரு லாரியில் கட்டிலையும் சாமிப் படங்களையும் ஏற்றிக்கொண்டு போன குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னும் நான்கு வருடத்தில் அது உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். அப்பாவின் இபிஎஃப் என்பது அந்த நாளில் அவர் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கூரை. அதைக் கார்டு வட்டிக்குக் கொடுக்கக்கூடாது.

ஆனால் 3,000 மட்டும், டவுன்காரருக்காக மட்டும், எடுக்கலாம். அதைக் கடனாக எடுங்கள். மாதம் 300 எப்படியும் உங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதே 300-ஐ இனி அப்பாவின் வங்கிக் கணக்குக்கு, சம்பளம் விழும் நாளிலேயே தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். பத்து மாதத்தில் அவர் பணம் அவரிடமே திரும்பிவிடும். டவுன்காரரிடம் கட்டியிருந்தால் பத்து மாதம் கழித்தும் 3,000 பாக்கி நின்றிருக்கும்.

பணம் கொடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஆட்கள் நடமாடும் கடையில், பகலில், தெரிந்த பெரியவர் ஒருவரோடு போய் அசலைக் கொடுத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். அட்டை கைக்கு வந்ததும் நேரே வங்கிக்குப் போய் அதை ரத்து செய்து புதிய அட்டை, புதிய பின் நம்பர் வாங்கிவிடுங்கள். பழைய பின் நம்பர் அவருக்கு மனப்பாடம். அதன் பிறகும் தொந்தரவு கொடுத்தால், மிரட்டினால், போலீஸில் புகார் செய்யுங்கள். வந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

சங்கிலிக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. அடகுக்கு ஆறு மாதத் தவணை, நான்கு போய்விட்டது. கூட்டு முறை வருவதும் இரண்டு மாதத்தில்தான். பத்துப் பேர் 200 என்றால் 2,000 கைக்கு வரும். வட்டி 240-ஐ மட்டும் தனியாகச் சேர்த்தால் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். அடகுச் சீட்டை எடுத்துக் கடைசித் தேதியை இன்றே பாருங்கள், கூட்டு ஒரு வாரம் தள்ளினாலும் சிக்கல். அப்படித் தள்ளினால் வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பித்துவிடுங்கள். கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: தொழிலாகக் கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். தலைவர் காணாமல் போனால் போய் நிற்க இடம் கிடைக்காது. இந்தச் சுற்று முடிந்ததும் அடுத்ததில் சேர வேண்டாம். மிச்சமாகும் அந்த 200-க்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

கார்டுக்கு வருகிறேன். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, உங்களுக்கு 420. ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அதில் 126 வட்டிக்குப் போய் 294 கடனைக் குறைக்கிறது. பிறகு பெட்ரோல், மளிகை, அம்மாவுக்கு மருந்து என்று அதே கார்டில் முந்நூறு வெள்ளிக்குத் தேய்த்தால் பழைய 8,400-க்கே வந்து நிற்பீர்கள். கிணற்றிலிருந்து இறைத்ததைக் கிணற்றிலேயே ஊற்றுகிற கதை. ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பை மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் இதற்காகவே தொடங்கியது. கட்டணம் இல்லை. வருமானம், செலவு, கடன் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டு, வங்கியோடு பேசி உங்களால் கட்ட முடிந்த மாதத் தவணை ஒன்றை வாங்கித் தருவார்கள். கார்டு ரத்தாகும். அது நல்லதுதான். தவணை 420-ஐவிட எவ்வளவு குறையும் என்பதை அவர்கள்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். குறைகிற பணத்தில் பெட்ரோலைக் காசு கொடுத்துப் போடுங்கள். "ஏகேபிகே போல" என்று சொல்லி முன்பணம் கேட்டு ஃபேஸ்புக்கில் வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

இனி பிடிபிடிஎன். 23 வெள்ளிதானே தின்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. அது காசாகத் தின்பது குறைவு, ஆனால் பேரைத் தின்றுவிடும். உங்கள் 14 மாத நிலுவை 2,520 வெள்ளி. அது பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிசிரிஸ் என்ற கடன் பதிவில் தெரியும். எந்த வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும் அந்த அதிகாரி முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மாதம் கட்டினீர்கள், எத்தனை மாதம் பிந்தியிருக்கிறீர்கள் என்று கட்டம் கட்டமாக அதில் இருக்கும். நான்கு வருடத்தில் அப்பாவுக்கு ஒரு வீடு வேண்டும். சின்னதாக ஒரு மலிவு விலை வீடு வாங்கினாலும் கடன் உங்கள் பேரில்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கடனை உங்களுக்குக் கிடைக்காமல் செய்யப்போவது ஆலோங் இல்லை, நீங்கள் கட்டாமல் விட்ட இந்த 180 வெள்ளிதான்.

ஈப்போவில் இருக்கும் பிடிபிடிஎன் அலுவலகத்துக்கு ஒரு நாள் நேரில் போங்கள். நிலுவையை மொத்தத் தவணையோடு சேர்த்துப் புதிதாக அட்டவணை போட்டுத் தரும்படி கேளுங்கள், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கூட்டு முடியும்வரை இரண்டு மாதம் 100 வெள்ளிதான் முடியும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிக் கட்டுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து கூட்டுக்குப் போன 200 இங்கே வரட்டும். முழுக் கடனையும் அவசரமாக அடைக்க வேண்டாம். வாழ்க்கையில் இனி இவ்வளவு மலிவான கடன் உங்களுக்குக் கிடைக்காது. மாதம் தவறாமல் கட்டினால் போதும்.

உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்படவிருந்த தோட்டங்களைப் பால்மரம் வெட்டுகிறவர்களே சேர்ந்து வாங்க மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் பங்குப் பணம் கட்டினார்கள். 180 கட்டத் தொடங்குவதற்கு உங்களுக்கு வேறு ஊரிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

மாமாவின் யோசனைக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பிடிபிடிஎன் பணம் மொத்தமாக வராது, செமஸ்டருக்கு ஒரு தடவை வரும். தேர்ச்சி சரியில்லை என்றால் நின்றும் போகும். கட்டணம் போக மிஞ்சுவது தம்பியின் சாப்பாடு, பஸ் காசு, புத்தகம். அதை இங்கே எடுத்துவிட்டால் செமஸ்டர் நடுவில் அவன் மேகி கிண்டித் தின்றுகொண்டு, பகுதிநேர வேலை தேடிக்கொண்டு, வகுப்பைக் கோட்டைவிடுவான். படிப்பு பாதியில் நின்றாலும் கடன் அவன் பேரில் நிற்கும். 19 வயதுப் பிள்ளை உங்கள் கார்டுக் கடனைத் தூக்கிக்கொண்டு வாழ்க்கையைத் தொடங்கக்கூடாது. அதை உங்களாலும் தாங்க முடியாது.

அந்தக் கல்லூரி விஷயத்தில் எனக்கு வேறொரு கவலை. கடனையும் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று ஓடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டு. அந்த டிப்ளோமா, படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தம்பியே இணையத்தில் தேடிப் பார்க்கட்டும். ஈப்போவில் உங்கூ ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. அரசாங்கப் பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டருக்குக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். அவன் கேட்கும் துறை அங்கே இருந்தால், விடுதியில் தங்கி, வார இறுதியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படிக்கலாம். கடன் எடுத்தாலும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் வேண்டிய அளவு எடுத்தால் போதும். முழுத் தொகை தருகிறார்கள் என்பதற்காக முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. பின்னால் பட்டப்படிப்புக்குப் போய் முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்தே விலக்குக் கேட்கலாம் என்பதையும் அவன் காதில் போட்டு வையுங்கள்.

சின்ன வயதில் எங்கள் தோட்டத்துச் சில்லறைக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகம் ஒன்று ஆணியில் தொங்கும். அரிசி, மீன் டின், மண்ணெண்ணெய் எல்லாம் பென்சிலில் ஏறும். சம்பளத்தன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கடைக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் கோடு போட்டு அடிப்பார், அப்பா தலையாட்டுவார். எவ்வளவு கடன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் வீட்டில் டவுன்காரர் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், அப்படித்தான் உங்கள் கடிதம் தொனிக்கிறது. ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். நான்கு கடனையும் பக்கத்துக்கு ஒன்றாக எழுதிச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு சம்பளத்தன்றும் கட்டியதை எழுதித் தம்பியிடம் படிக்கக் கொடுங்கள். கடன் என்றால் என்ன என்று அவனுக்கு அதைவிட நன்றாக எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது.

இபிஎஃப் விண்ணப்பம் போட்டதும் பணம் கைக்கு வரச் சில நாள் ஆகும். அடுத்த சம்பளத்துக்கு முன்பே டவுன்காரர் கணக்கு முடிய வேண்டும், இல்லையென்றால் இன்னொரு 300 போய்விடும். அதனால் இன்றிரவு அப்பா வேலை முடிந்து குளித்துவிட்டு உட்காரும்போது இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.