பக்கெட்டில் மாட்டும் ஃபோர்க்: எட்டு மூட்டை தாங்குமா?

கேள்வி: என்னிடம் 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் இருக்கிறது, முன்னால் சின்ன லோடர். உர மூட்டைகளைப் பேலட்டோடு (மூட்டை அடுக்கும் மரத் தட்டு) தூக்கிக் கொட்டகையில் வைக்க வேண்டும். பக்கெட்டில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி இரண்டு ஃபோர்க் செய்து தருவதாக எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் சொல்கிறார். 100 எம்எம் அகலம், 12 எம்எம் கனத்தில் இரும்புப் பட்டை, ஒரு மீட்டர் நீளம். லோடர் புத்தகத்தில் 400 கிலோ தூக்கும் என்று போட்டிருக்கிறது. எட்டு யூரியா மூட்டையை ஒரே நடையில் தூக்கலாமா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி வட்டம்

பதில்: இந்த அளவில் செய்யச் சொல்லாதீர்கள். எட்டு மூட்டையும் வேண்டாம்.

புத்தகத்தில் இருக்கும் 400 கிலோ, பக்கெட்டை லோடர் கையோடு பிணைக்கும் பின் இருக்கிறதே, அந்த இடத்துக்கான கணக்கு. ஃபோர்க் மாட்டினால் பாரம் பக்கெட்டையும் தாண்டி முன்னால் போய்விடும். லோடர் கை 160 சென்டிமீட்டர், பாரத்தின் நடு பின்னிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். பக்கெட்டின் எடை 80 கிலோ, ஃபோர்க் 30 கிலோ. 400 கிலோவை லோடர் கையின் நீளத்தால் பெருக்குங்கள். பக்கெட், ஃபோர்க் எடைகளைக் கையின் கீலிலிருந்து அவை இருக்கும் தூரத்தால் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். மீதியைக் கீலிலிருந்து பாரத்தின் நடுவரை உள்ள தூரத்தால் வகுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 160 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டை மூன்றும் மரப் பேலட்டும் வைத்தால் அது தீர்ந்துவிடும். உங்கள் லோடரின் அளவுகளை டேப் வைத்து அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் எட்டு மூட்டை வராது.

இனி பட்டை. சாதா இரும்பு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் (ஏறக்குறைய 25 கிலோ பாரம்) வரைதான் வளைந்தாலும் நிமிரும். அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான். எட்டு மூட்டையைப் பேலட்டோடு ஏற்றினால் 12 எம்எம் பட்டையில் 390 வரை போகிறது, தூக்கும்போதே மடங்கிவிடும். மூன்று மூட்டைக்கு 160 வரும். நின்ற இடத்தில் தாங்கும், ஆனால் வரப்பில் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கலில் பாரம் இரட்டிப்பாகலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பட்டறைக்காரரிடம் பட்டைக்குப் பதிலாக 50 எம்எம்முக்கு 50 எம்எம், சுவர் 5 எம்எம் கனமுள்ள சதுர பைப் கேளுங்கள். மீட்டருக்கு ஏழு கிலோதான், உங்கள் பட்டையோ ஒன்பதரை கிலோ. எடை குறைவு, வலுவோ ஐந்து மடங்கு. இரும்பு கனமாகக் கண்ணுக்குத் தெரிந்தால் வலு என்று நம்பித்தான் நம்மில் பலர் பணம் கொடுக்கிறோம். பாரம் வளைக்கிற திசையில் உயரம் எவ்வளவு என்பதுதான் வலுவைத் தீர்மானிக்கிறது. விலை பேசும்போது இரும்பைக் கிலோ கணக்கிலும் வேலைக் கூலியைத் தனியாகவும் கேளுங்கள்.

ஃபோர்க் பக்கெட்டின் அடியில் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பதையும் பாருங்கள். மூன்று மூட்டை பாரத்திலேயே, 15 சென்டிமீட்டர் மட்டும் போனால், ஒவ்வொரு ஃபோர்க்கின் பின்முனையும் பக்கெட் அடித்தகட்டை 270 கிலோ அழுத்தத்தில் மேலே குத்தும். 40 சென்டிமீட்டர் போனால் அது 100 கிலோவாக இறங்கிவிடும். பக்கெட்டின் முன் விளிம்பு வளைந்து போன டிராக்டர்களில் காரணம் பெரும்பாலும் இதுதான். போல்ட் இறுக்குகிற இடத்தில் பைப்பின் சுவர் நசுங்காமல் இருக்கத் தனியாக ஒரு தகடு வேண்டும். போல்ட்டின் தலையில், வலுவான ரகம் என்பதற்கு அடையாளமாக 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். இரண்டு ஃபோர்க்கும் பக்கவாட்டில் விலகாதபடி நடுவில் குறுக்குக் கம்பியும் அவசியம்.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்குப் பின்பக்கத்தில் கலப்பை மாட்டுகிற மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் ஃபோர்க்கைத்தான் வாங்கச் சொல்வேன். இந்த அளவு டிராக்டர்கள் பலவற்றில் பின்பக்க ஹைட்ராலிக் 750 கிலோ தூக்கும். அதுவும் இணைப்புக் கையின் நுனியில் அளந்த கணக்கு, பாரம் பின்னால் போகப் போகக் குறையும். ஆனாலும் முன்பக்கத்தை விட எவ்வளவோ மேல். முன்னால் லோடர் இருப்பதால் டிராக்டரின் மூக்கு தூக்குவதும் குறையும்.

முன்பக்கம்தான் வேண்டும் என்றால், பின்னால் ரொட்டவேட்டரையோ எடைக்கல்லையோ மாட்டாமல் தூக்காதீர்கள். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். முன்னால் பாரம் ஏறிப் பின்சக்கரம் லேசானால், இறக்கத்தில் பிரேக் மிதித்தும் வண்டி நிற்காது. பாரத்தைத் தரையை ஒட்டியே கொண்டுபோங்கள்.

இன்னொன்று, நீங்கள் தென்னை விவசாயி என்பதால் சொல்கிறேன். காய் பறிக்கவோ மட்டை வெட்டவோ ஃபோர்க்கின் மேல் பலகை போட்டு ஆளை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் லோடர் கை கீழே விழ ஒரு நொடிகூட ஆகாது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஃபோர்க் ஒரு ஜோடி கிடக்கிறது. வாங்கி என் மினி டிராக்டருக்கு வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரும்பு நல்ல இரும்பு, ஆனால் உங்கள் டிராக்டருக்குக் கனம் அதிகம். ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. ஜோடியே லோடரின் பலத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். வாங்குவதானால் பக்கவாட்டில் பொறித்த தாங்கும் எடையைப் படியுங்கள். அடிமடிப்பின் (ஃபோர்க் ‘L’ போல மடங்கும் இடம்) கனத்தை மேலே நிற்கும் தேயாத பகுதியோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். அடிமடிப்பில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் பதப்படுத்திய இரும்பு அது, வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் விடும்.

கேள்வி: பட்டறையில் செய்து வாங்கிய ஃபோர்க் ஒரே மாதத்தில் வெல்டிங் விட்டுப் போச்சு. பில் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. சொந்த நிலத்தில் பிழைப்புக்காக நீங்களே பயன்படுத்தினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். பில் இல்லாவிட்டாலும் செல்போனில் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியாகும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை உடைந்த துண்டைத் திரும்ப வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். விட்டுப்போன இடத்தை நாலு பக்கமும் கிட்டப்போய்ப் படம் எடுத்து, துண்டை அப்படியே எடுத்து வையுங்கள்.